குறுங்காணொளி வருமானமும் பார்வை வந்த வழியும்

ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, பாசிர் கூடாங் செல்லும் வழியில் அமைந்திருக்கும் மாசாய், ஒரு காலத்தில் ரப்பர் மரங்களும் அதன்பின் செம்பனையும் அடர்ந்திருந்த தோட்டப் பிரதேசம். 1977இல் பாசிர் கூடாங்கில் ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கி, அதனை ஒட்டி இரசாயன ஆலைகளும் எண்ணெய்க் கிடங்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தபோது, தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல தாமான் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்து, ஆலைகளில் ஷிப்ட் வேலைக்கும், பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்கும் செல்லலாயின. அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கைப்பேசியில் குறுங்காணொளி எடுக்கிறார்கள்: கோயில் திருவிழாவில் காவடி எடுப்பவரின் முகம், கடையில் ரொட்டி சானாய் வீசும் கை, விடியுமுன் பாலத்தை நோக்கிச் செல்லும் மோட்டார் சைக்கிள்களின் வரிசை. ஒரு நிமிஷத்துக்குள் அடங்கும் அத்தகைய காட்சியொன்று ஐந்து லட்சம் தடவை பார்க்கப்பட்டது என்று கேள்விப்பட்டவுடன் வீட்டில் எழும் முதற் கேள்வி, "அதுக்கு எவ்வளவு வெள்ளி வரும்?" என்பதே. அதனை அற்பமான கேள்வி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை; ஏனெனில் ஆலை வேலையை விட்டுவிட்டு இதையே ஜீவனோபாயமாகக் கொள்ளலாமா என்ற தீர்மானம், பல வீடுகளில், அந்த ஒரு கேள்வியின் விடையைச் சார்ந்து நிற்கிறது.

அக்கேள்விக்குச் சாதாரணமாகத் தரப்படும் விடை, "ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு" என்று யாரோ சொன்ன ஒற்றை விகிதத்தை எடுத்துப் பார்வைகளின் தொகையால் பெருக்கிக் காட்டுவது. ஆர்பிஎம் என்று தொழிலில் வழங்கும் அந்த விகிதம் பொய்யான எண்ணன்று. ஆனால் அது ஒருவருடைய கணக்கின் முடிவில் கிடைக்கும் சராசரியேயன்றி, இன்னொருவருடைய கணக்கின் ஆரம்பத்தில் வைக்கத்தக்க அளவுகோல் அன்று. பார்வை எந்த வழியாக வந்தது, அப்படி வந்தவர் எந்த நாட்டில் இருந்தபடி பார்த்தார் என்ற இரண்டையும் சேர்த்துப் பிரித்தறியாமல் செய்யும் எந்த அனுமானமும், தமிழில் காணொளி எடுக்கும் ஒருவர் விஷயத்தில், பல மடங்கு பிசகக்கூடும் என்பதும், அந்தப் பிரித்தறிதலுக்கு வேண்டிய ஆதாரங்கள் அவர் கைவசமே இருக்கின்றன என்பதும் இக்கட்டுரையில் நான் நிறுவ விரும்புவன.

இவ்விவகாரத்தின் பூர்வ சரித்திரம் சுருக்கமானது. 2020 ஜூன் 29ஆம் தேதி இந்திய அரசாங்கம் டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அந்த வெற்றிடம் தோன்றிய சில மாதங்களுக்குள், அதே ஆண்டு செப்டம்பரில், யூடியூப் நிறுவனம் ஷார்ட்ஸ் என்ற குறுங்காணொளி வசதியை முதன்முதலாக இந்தியாவிலேயே பரீட்சார்த்தமாக வெளியிட்டது. மலேசியா உட்பட நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அது 2021 ஜூலையில் விரிந்தது. ஆரம்பத்தில் விளம்பர வருமானத்தில் பங்கு என்ற பேச்சே இல்லை. 10 கோடி டாலர் நிதியொன்றை ஒதுக்கி, நிறுவனம் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மாதந்தோறும் 100 டாலர் முதல் 10,000 டாலர் வரை ஊக்கத்தொகையாக வழங்கினார்கள். வெகுமதி என்ற நிலை மாறி உரிமைப் பங்கு என்ற நிலை ஏற்பட்டது 2023 பிப்ரவரி 1ஆம் தேதி முதல்தான். ஆகவே நாம் கணக்கிடப் புகும் பொருளுக்கு வயது மிகக் குறைவு. அதைப் பற்றிய அபிப்பிராயங்களோ ஏராளம்.

அந்தப் பங்கீடு நடைபெறும் கிரமத்தைச் சற்று நின்று பார்ப்பது அவசியம். நீள்காணொளியில், குறிப்பிட்ட ஒரு காணொளியின் முன்னோ நடுவிலோ தோன்றும் விளம்பரம் அந்தக் காணொளியோடு ஒட்டியது. அதன் வருமானத்தில் நூற்றுக்கு 55 பங்கு எடுத்தவருக்குச் சேரும். குறுங்காணொளியில் விளம்பரம் எவருடைய காணொளியையும் ஒட்டியதன்று. பார்ப்பவர் விரலால் ஒன்றை மேலே தள்ளி அடுத்ததற்குப் போகிறார். ஏழெட்டுக் காணொளிகள் கடந்தபின் இடையிலே ஒரு சோப்புக் கம்பெனியோ கடன் தரும் வங்கியோ சில விநாடிகள் தோன்றி மறைகிறது. அதற்கு முந்திய காணொளி சம்பாதித்ததா, பிந்தியது சம்பாதித்ததா என்று சொல்ல முடியாது. ஆதலால் ஒரு நாட்டில், ஒரு மாதத்தில், ஷார்ட்ஸ் ஃபீடில் காணொளிகளுக்கு இடையே ஓடிய விளம்பரங்களின் வருமானம் முழுவதையும் ஒரே குவியலாகக் கொட்டி, அதிலிருந்து பாட்டுரிமைக்கு உரியதைக் கழித்துவிட்டு, எஞ்சியதைப் படைப்பாளர் தொகுப்பு என்று வைத்து, அந்நாட்டில் கிடைத்த பார்வைகளில் ஒவ்வொருவருக்கும் உள்ள விகிதாசாரப்படி பிரித்து, அப்படிப் பிரித்ததில் நூற்றுக்கு 45ஐ அவரவருக்குக் கொடுக்கிறார்கள்.

நிறுவனம் தானே ஓர் உதாரணம் சொல்லி இதை விளக்கியிருக்கிறது. ஒரு நாட்டில் ஒரு மாதத்தில் 10 கோடி ஷார்ட்ஸ் பார்வைகள். விளம்பர வருமானம் 1,00,000 டாலர். காணொளிகளில் ஐந்தில் ஒரு பங்கு தலா ஒரு பாட்டைப் பயன்படுத்தியிருந்தால், அந்தப் பங்குக்குரிய 20,000 டாலரில் பாதி பாட்டுரிமைக்குப் போய்விடும். தொகுப்பில் எஞ்சுவது 90,000 டாலர். ஒருவருக்கு 10 லட்சம் பார்வைகள் இருந்தால் அவருக்கு ஒதுக்கப்படுவது நூற்றில் ஒன்றாகிய 900 டாலர். கையில் சேர்வது அதில் 45 விழுக்காடாகிய 405 டாலர். இது முறையை விளக்கப் புனைந்த உதாரணமேயன்றி எந்த நாட்டின் உண்மை விகிதமும் அன்று. இருந்தும் பத்து லட்சம் பார்வைக்கு நானூறு டாலர் என்ற எண்ணம் பலருடைய மனத்தில் பதிந்து, வாக்குறுதியைப் போல வழங்கி வருவதைக் காண்கிறேன். இந்த உதாரணத்தில் நாம் கைக்கொள்ள வேண்டியது அந்த 405 அன்று. "ஒரு நாட்டில்" என்று அது தொடங்குகிறதே, அந்தச் சொற்களில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. அவரவர் பாட்டைப் பயன்படுத்தியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த 45 மாறுவதில்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து, எண்ணத்தக்க பார்வை எது என்ற பிரச்சினை. 2025 மார்ச் 31ஆம் தேதி முதல், ஒரு ஷார்ட்ஸ் திரையில் ஓடத் தொடங்கினாலே, மறுபடி ஓடினாலும் கூட, அது ஒரு பார்வை என்று யூடியூப் கணக்கிடுகிறது. எத்தனை விநாடி பார்த்தார் என்ற நிபந்தனை இல்லை. முன்பிருந்த கடுமையான கணக்கு, ஈடுபாட்டுப் பார்வைகள் என்ற வேறு பெயரில் உள்ளே தனியாக வைக்கப்பட்டிருக்கிறது; பணமும் தகுதியும் அதைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. மாசாயின் மூத்த தலைமுறைக்கு இதை விளக்குவது எளிது. தோட்டத்தில் பால் வெட்டியவர் வாளி நிறையக் கொண்டுவந்து ஸ்டோரில் ஊற்றினாலும், கிராணி மானியை அமிழ்த்தி, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்துத்தானே கணக்கு எழுதினார்! காணொளியின் கீழே எல்லோரும் காண நிற்கும் எண் வாளியின் அளவு. கூலி உலர்ந்த எடைக்கு. அந்த ஈடுபாட்டுப் பார்வைகளிலும், பிறர் காணொளியைத் திருத்தமின்றி எடுத்துப் போட்டவை, இயந்திரத்தால் பெருக்கியவை, விளம்பரதாரர் விரும்பாத விஷயம் கொண்டவை ஆகியவற்றின் பார்வைகள் தள்ளுபடியாகும்.

இனி வழிகளுக்கு வருவோம். யூடியூப் ஸ்டூடியோவில் தம் காணொளியின் பகுப்பாய்வுப் பக்கத்தைத் திறப்பவர், பார்வைகள் வந்த வழிகளின் பட்டியலைக் காணலாம்: ஷார்ட்ஸ் ஃபீட், யூடியூப் தேடல், சேனல் பக்கம், அறிவிப்புகள், ஒரே பாட்டைப் பயன்படுத்திய காணொளிகள் சேர்ந்திருக்கும் ஒலிப்பக்கம், வாட்ஸ்அப், முகநூல் போன்ற வெளியிடங்கள், இன்னும் சில. குறுங்காணொளியைப் பொறுத்தவரை ஃபீடே பேராறு, மற்றவை வாய்க்கால்கள். ஃபீட் வழியாக வருபவர் நம்மைத் தேடி வந்தவர் அல்லர்; அவருடைய விரலசைவுகளைக் கவனித்த ஒரு கணிப்பு முறை நம்மை அவர் முன்னே கொண்டுபோய் நிறுத்தியது. தேடலில் வருபவர் "மாசாய் முருகன் கோயில்" என்றோ "ஜொகூர் பாலம் நெரிசல்" என்றோ தாமே எழுதிக் கேட்டு வருகிறார். சேனல் பக்கத்துக்கு வருபவர் நம் பெயரை அறிந்தவர்.

மேல்நோட்டத்தில் இங்கே ஒரு தடை தோன்றுகிறது. வழிகளின் பட்டியலில் பார்வைகள் உண்டு, பார்த்த நேரம் உண்டு. வருமானம் என்ற பத்தி இல்லை. நாடுகளின் பட்டியலிலோ வருமானமும் உண்டு. ஒவ்வொரு வழியும் எத்தனை வெள்ளி கொண்டுவந்தது என்பதை நிறுவனம் நேராகச் சொல்வதில்லையாதலால், நாமேதான் அனுமானித்தறிய வேண்டும். ஆனால் பங்கீட்டு முறையைப் புரிந்துகொண்டவருக்கு அந்த அனுமானம் கடினமன்று. ஒரு நாட்டின் ஒரு மாதத் தொகுப்பு பார்வைகளின் விகிதப்படியே பிரிக்கப்படுவதால், அந்நாட்டிலிருந்து வந்த தகுதி பெற்ற ஒவ்வொரு பார்வைக்கும், அது எந்த வழியாகக் கணக்கில் ஏறியிருந்தாலும், ஒரே விலைதான். ஆகவே ஒவ்வொரு நாட்டின் வருமானத்தையும் அந்நாட்டு ஈடுபாட்டுப் பார்வைகளால் வகுத்து நாட்டு விலையைக் கண்டுபிடித்து, பின்பு நாட்டை வடிகட்டியாக வைத்து வழிகளின் பட்டியலைத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொரு வழியிலும் வந்த அந்நாட்டுப் பார்வைகளை அந்நாட்டு விலையால் பெருக்கிக் கூட்டினால், வழிவாரியான வருமானம் கிடைத்துவிடுகிறது. இம்முறையிலிருந்து பிறக்கும் முக்கியமான முடிவு ஒன்றுண்டு: ஒரு வழி இன்னொரு வழியைவிட உயர்ந்த வருமானம் தருவது அந்த வழியின் இயல்பினால் அன்று, அந்த வழியில் எந்தெந்த நாட்டார் எந்த விகிதத்தில் கலந்து வருகிறார்கள் என்பதனால்தான்.

கையில் எண்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். மாசாயில் ஓர் இளைஞருக்கு ஒரு மாதத்தில் தகுதி பெற்ற பார்வைகள் 5,00,000 என்று கொள்வோம்; நாட்டு விலையை, கணக்கின் பொருட்டு மட்டுமே, ஆயிரத்துக்கு இந்தியாவுக்கு 5 சென், மலேசியாவுக்கு 15 சென், சிங்கப்பூருக்கு 40 சென் என்று வைத்துக்கொள்வோம். ஃபீட் வழியாக வந்த 4,00,000இல் இந்தியா 2,80,000, மலேசியா 1,00,000, சிங்கப்பூர் 20,000 என்றிருந்தால், அதன் வருமானம் முறையே 14, 15, 8 வெள்ளியாக மொத்தம் 37 வெள்ளி, ஆயிரத்துக்கு 9.25 சென். தேடலில் வந்த 60,000இல் மலேசியா 40,000, சிங்கப்பூர் 10,000, இந்தியா 10,000 என்றால் 10 வெள்ளி 50 சென், ஆயிரத்துக்கு 17.5 சென். சேனல் பக்கத்திலும் அறிவிப்பிலும் வந்த 40,000இல் மலேசியா 25,000, சிங்கப்பூர் 10,000, இந்தியா 5,000 என்றால் 8 வெள்ளி. ஆயிரத்துக்கு 20 சென். ஆக, ஐந்து லட்சம் பார்வைகளின் மொத்தப் பயன் 55 வெள்ளி 50 சென். சிங்கப்பூர் நண்பர் ஒருவர் சொன்ன விகிதத்தால் பெருக்கியிருந்தால் 200 வெள்ளி என்று வந்திருக்கும். தமிழ்நாட்டு உறவினர் ஒருவர் சொன்ன விகிதத்தால் பெருக்கியிருந்தால் 25 வெள்ளி என்று வந்திருக்கும். இரண்டும் அவரவர் அளவில் மெய். மாசாய்க்காரருக்கு இரண்டும் தவறு.

இதே உதாரணத்தை இன்னும் ஓரடி கொண்டுசெல்வது நலம். மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. மேற்சொன்ன கலவையில் சராசரி ஆயிரத்துக்கு 11.1 சென் ஆதலால், 1,700 வெள்ளி வருவதற்கு மாதந்தோறும் 1 கோடியே 53 லட்சம் தகுதிப் பார்வைகள் வேண்டும். பார்வைகள் அனைத்தும் சேனல் பக்கக் கலவையிலேயே வந்தாலும் 85 லட்சம். நாட்டு விலைகளை வாசகர் தம் கணக்கிலிருந்து எடுத்து மாற்றிக்கொள்ளலாம். எப்படி மாற்றினாலும், குறுங்காணொளியின் விளம்பரப் பங்கை மட்டும் நம்பி ஷிப்ட் வேலையை விடத் துணிபவருக்கு இந்தக் கணக்கை முதலில் போட்டுக் காட்டுவது பெற்றோரின் கடமை என்றே கருதுகிறேன். ஆசையைத் தடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்து இறங்குபவர் நெடுநாள் நிலைப்பார் என்பதனால் சொல்கிறேன்.

இந்தப் பங்கீட்டில் தமிழருக்கு அனுகூலமான நியாயம் ஒன்று மறைந்திருக்கிறது. அதை எவரும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. விளம்பரதாரர் மலாய் பேசுவோரையோ சீனம் பேசுவோரையோ கருதிப் பணம் செலவிடலாம். ஆனால் அந்தப் பணம் நாட்டுக் குவியலில் விழுந்தபின் மொழிப் பேதம் அழிந்துவிடுகிறது. மலேசியாவில் இருந்தபடி ஒருவர் தமிழ்க் குறுங்காணொளியைப் பார்த்தால், அந்தப் பார்வைக்கு உரிய விலையும், அதே மாதத்தில் மலாய்க் குறுங்காணொளியைப் பார்த்த பார்வைக்கு உரிய விலையும் ஒன்றே. நீள்காணொளியில் நிலைமை இவ்விதம் இல்லை. அங்கே ஒவ்வொரு விளம்பர இடமும் தனித்தனியே ஏலம் போவதால், தமிழ் பார்ப்பவரை நாடும் விளம்பரதாரர் எத்தனை பேர் என்பது விலையில் தெரிந்துவிடும். சிறுபான்மை மொழி ஒன்று பெரும்பான்மை மொழியோடு சரிசமமான கூலி பெறும் அபூர்வமான ஏற்பாடு இது; எவரும் தமிழுக்கென்று வகுத்ததன்று என்றாலும் இதன் பயன் தமிழுக்கு உண்டு.

ஆனால் அந்தச் சமத்துவம் நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. மாசாயிலோ எல்லை என்பது பிரயாண தூரத்தில் இருக்கிறது. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தையும், 1998இல் துவாஸில் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தையும் நாள்தோறும் கடந்து வேலைக்குப் போய்வருவோரின் வாழ்க்கையை இந்தக் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை யூடியூப் அவருடைய குடியுரிமையைக் கேட்டு அறிவதில்லை. அவர் இணைந்திருக்கும் இணைய முகவரியைக் கொண்டு ஊகிக்கிறது. காலையில் மாசாயில் தம் வீட்டு வைஃபையில் பார்த்தவர் மலேசியக் குவியலுக்குப் பார்வை தந்தார். அதே மனிதர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்லண்ட்ஸ் தொழிற்கூடம் ஒன்றில் சிங்கப்பூர் சிம் போட்ட கைப்பேசியில் அடுத்த காணொளியைப் பார்த்தால் அது சிங்கப்பூர்க் குவியலைச் சேர்ந்தது. மலேசிய சிம்மோடு ரோமிங்கில் இருந்தாரென்றால், அவருடைய இணைப்பு பெரும்பாலும் தாய்நாட்டு வலையின் வழியாகவே வெளியேறுவதால், சிங்கப்பூரில் உட்கார்ந்து பார்த்ததும் மலேசியப் பார்வையாகவே பதியக்கூடும். ஒரே மனிதர், ஒரே நாள், ஒரே சேனல். என்னுடைய உதாரணத்து விலைப்படி, மதியப் பார்வையின் விலை காலைப் பார்வையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். பாலத்து நெரிசலைப் பற்றியும், வேலை அனுமதிச் சீட்டைப் பற்றியும், சிங்கப்பூர் டாலர் மாற்றைப் பற்றியும் எடுக்கப்படும் காணொளிகள் தேடலில் அதிகமாக வந்தடைவதும், அவற்றின் சராசரி விலை ஏறி நிற்பதும் இதனால்தான் என்று கொள்ள இடமுண்டு. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் அந்தத் தீவு, மாசாய்ப் படைப்பாளருக்கு அண்டை ஊரும் அயல் நாடும் ஒருங்கே ஆகிறது.

இதற்கு எதிர்த்திசையில் இழுப்பது தகுதி வாசல். விளம்பரப் பங்குக்கு உரிமை பெற, 1,000 சந்தாதாரரோடு, பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணி நேரம் நீள்காணொளி பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது 90 நாட்களில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வைகள் வேண்டும். ஃபீடில் ஷார்ட்ஸ் பார்த்த நேரம் அந்த 4,000 மணியில் சேராது. மலேசியாவில் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 20 லட்சம். கைக்குழந்தை முதல் முதியோர் வரை ஒவ்வொருவரும் மூன்று மாதங்களில் ஐந்து தடவை பார்த்தாலொழிய அந்தக் கோடி நிரம்பாது. ஆகையால் குறுங்காணொளியை மட்டும் நம்புபவர், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே 7 கோடிக்கு மேல் மக்களைக் கொண்டிருந்த தமிழ்நாட்டை நாடாமல் அந்த வாசலைத் தாண்டுவது அரிது. நாடினால், ஃபீடின் கணிப்பு முறை அவரை மேலும் மேலும் தமிழ்நாட்டுக் கைப்பேசிகளுக்கே கொண்டுசெல்கிறது. அவருடைய பேச்சும் சென்னைப் படத்துப் பேச்சாக மாறத் தொடங்குகிறது. வாசலைத் தாண்டியபின்னோ விலை குறைந்த பார்வைகளே அவர் கையில் மிகுந்திருக்கின்றன. மாசாய்ப் பேச்சும் மாசாய் விஷயமும் கொண்ட காணொளிகள் எண்ணிக்கையில் தோற்று விலையில் வெல்கின்றன. இந்த முரண்பாட்டை அறியாமல், எண்ணிக்கையின் பொருட்டுத் தம் ஊர்ப்பேச்சை விட்டுவிடும் இளைஞர்களைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மதிப்பீட்டுக்கும் கைக்கு வரும் தொகைக்கும் இடையே வேறு சில கழிவுகளும் உண்டு. அமெரிக்காவில் இருந்து பார்ப்பவரால் வரும் பங்குக்கு, 2021 ஜூன் முதல், அந்நாட்டு வரி பிடிக்கப்படுகிறது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்படிக்கை இருப்பதால் தமிழ்நாட்டுப் படைப்பாளருக்கு அது 15 விழுக்காடாகக் குறையக்கூடும். அத்தகைய பொது வருமான வரி உடன்படிக்கை மலேசியாவுக்கு இல்லாமையால் மாசாய்க்காரருக்கு 30 விழுக்காடு போகும். வரிப் படிவத்தையே சமர்ப்பிக்காதவருக்கு, அமெரிக்கப் பார்வை என்ற வரம்பின்றி, மொத்த வருமானத்திலும் 24 விழுக்காடு பிடிபடலாம். பத்து நிமிஷ வேலையைத் தள்ளிப்போட்டு இந்த நஷ்டத்தை ஏற்பது வீண். வருமானம் டாலரில் கணக்கிடப்படுவதால் நாணய மாற்றும் குறுக்கிடுகிறது: 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 4 வெள்ளி 80 சென் அளவில் இருந்த மாற்று, அதே ஆண்டு செப்டம்பர் முடிவில் 4 வெள்ளி 12 சென் அளவுக்கு வந்தது; பார்வையும் விலையும் மாறாமலே வெள்ளிக் கணக்கில் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஸ்டூடியோவில் நாளுக்கு நாள் தெரியும் தொகை மதிப்பீடு மட்டுமே. அடுத்த மாதம் 7ஆம் தேதிக்கும் 12ஆம் தேதிக்கும் இடையில்தான் முடிவான தொகை, பணம் வழங்கும் கணக்காகிய ஆட்சென்ஸில் ஏறுகிறது. உள்நாட்டில் இது தொழில் வருமானமாகவே கருதப்பட்டு வருமான வரி வாரியத்துக்குக் கணக்குக் காட்டப்பட வேண்டியதும் ஆகும்.

டிக்டாக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024இல் அது ஏற்படுத்திய படைப்பாளர் வெகுமதித் திட்டம், ஒரு நிமிஷத்துக்கு மேற்பட்ட காணொளிகளுக்கு, 'ஃபார் யூ' ஃபீடில் ஐந்து விநாடிக்கு மேல் நின்ற பார்வைகளையே தகுதியுடையனவாகக் கொள்கிறது; பார்வை வந்த வழியை அது வெளிப்படையாகவே நிபந்தனையாக்கி இருக்கிறது. ஆயினும் தொடக்கத்தில் அத்திட்டத்தில் இடம்பெற்ற நாடுகளில் மலேசியா இல்லை. மாசாயில் டிக்டாக்கால் சம்பாதிப்பவர் நேரலைப் பரிசுகளாலும் பொருள் விற்பனையாலும் சம்பாதிக்கிறார். அது வேறு கணக்கு.

நீள்காணொளியோடு குறுங்காணொளியைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் வழிகளின் முழு மதிப்பும் தெரிய வருகிறது. 2020இல் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு, பவித்ரா தம்பதியர், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், எளிய வீட்டுச் சமையலைச் சரளமான மலாயில் சொல்லிக்கொடுத்துச் சில மாதங்களுக்குள் பல லட்சம் சந்தாதாரரைப் பெற்றது மலேசியர் அனைவரும் அறிந்தது. அவர்கள் பெற்ற பார்வையாளர் திரளில் தமிழர் மட்டுமல்லர், மலாய்க்காரரும் மலேசிய மண்ணில் இருப்போரும் பெருந்தொகையினர். சமையற்குறிப்பைத் தேடி வருபவர் பத்து நிமிஷம் நின்று பார்ப்பவர். அங்கே தேடல் என்ற வழிக்கே சொந்த மதிப்பு உண்டு: தேடி வந்தவர் நின்று பார்க்கிறார், எட்டு நிமிஷத்துக்கு மேற்பட்ட காணொளியில் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம், வருமானத்தில் 55 பங்கு எடுத்தவருக்கு. குறுங்காணொளியில் நாட்டுக் கலவையின் நிழலாக மட்டும் இருந்த வழி, நீள்காணொளியில் தானே காரணமாக மாறிவிடுகிறது.

ஆதலால் மாசாய்ப் படைப்பாளர் வைக்கும் வழிவாரிக் கணக்கில் இன்னொரு பத்தியையும் சேர்க்க வேண்டும். 2023 ஆகஸ்டு 31 முதல் ஷார்ட்ஸின் விவரக்குறிப்பிலும் கருத்துரையிலும் இடும் இணைப்புகள் அழுத்தினால் திறவாதபடி நிறுத்தப்பட்டன. அதற்கு ஈடாக, ஒரு ஷார்ட்ஸிலிருந்து அதே சேனலின் நீள்காணொளி ஒன்றுக்கு நேராகச் செல்லும் தொடர்புடைய காணொளி என்ற இணைப்பு வந்தது. தைப்பூசக் காவடியைப் பற்றிய நாற்பது விநாடிக் காட்சி, ஃபீட் வழியாக ஆயிரக்கணக்கானோரிடம் சென்று சில வெள்ளியே ஈட்டியிருக்கலாம். அதைப் பார்த்த ஜொகூர்க்காரர் சிலர் அந்த இணைப்பை அழுத்தி, காவடி கட்டுபவரின் இருபது நிமிஷப் பேட்டியைப் பார்த்திருந்தால், அந்தப் பேட்டியின் நாடுவாரி வருமானத்தில் அவர்களுடைய பங்கையும் எடுத்துவந்து அந்தக் குறுங்காணொளியின் பேரில் எழுத வேண்டும். விளம்பரச் செலவு உயரும் ஆண்டிறுதியையும் அது சரியும் ஜனவரியையும் ஒருங்கே அடக்குமாறு பன்னிரண்டு மாதங்கள் இப்படி எழுதி வைத்தால், எந்தக் காணொளியை மறுபடி எடுப்பது, எதை விடுவது, வேலையை எப்போது குறைத்துக்கொள்வது என்பனவற்றை வீட்டிலுள்ளோர் ஒரே தாளை முன்னே வைத்துக்கொண்டு பேசலாம்.